லண்டன் போனா கடி, கொழும்பு வந்தா சுகம்: ஒரு பிரிம்ரோஸ் கேஸ்

நான் வெள்ளவத்தையில ஒரு பார்மசியில வேலை செய்யிறன். இந்தக் கேஸை எழுதுறதுக்கு அந்த அன்ரியும் அவவின்ட மகளும் சம்மதம் தந்தவை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாத்தியிருக்கிறன், மருத்துவ விஷயத்தில கை வைக்கேல்ல. கொஞ்சம் நீளமாத்தான் வரும். ஏனெண்டா இதுக்குள்ள வேற வேற செடிகள் பிரிம்ரோஸ் எண்ட ஒரே பேரில வந்து சிக்குப்பட்டுக் கிடக்கு, சுருக்கி எழுதினா அந்தச் சிக்கு விளங்காமப் போயிடும்.

அன்ரிக்கு அறுபதைத் தாண்டின வயசு, ரிட்டயர்ட் ரீச்சர். பிரஷருக்கு ஒரு குளிசை, இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுக்கிறவ. சின்ன வயசில எக்ஸிமாவோ தொய்வோ இருந்ததில்ல, வீட்டில ஒருத்தருக்கும் இல்ல. மகள் லண்டன்ல. பேரப்பிள்ளை பிறக்கேக்க தை மாசக் கடைசியில போனவ, வைகாசி மட்டும் நிண்டவ. போய் ஒரு மாசத்துக்கு மேல ஒண்டும் இல்ல. பிறகுதான் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கடிக்கத் தொடங்கி, சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, உடைஞ்சு, தோல் வெடிச்சு, முழங்கைக்குக் கீழ உள்பக்கமும் சிவந்து, ஒரு நாள் காலமை எழும்பேக்க இடது கண் மடல் வீங்கியிருந்ததாம். அங்க டொக்டர் பாத்து, குளிர், பாத்திரம் கழுவுற தண்ணி, பிள்ளைக்கு அடிக்கடி கை கழுவுறது எல்லாம் சேந்த கை எக்ஸிமா எண்டு சொல்லி ஸ்டீரொயிட் கிறீமும் ஈரப்பதக் கிறீமும் குடுத்திருக்கிறார். அது பிழையான ஊகம் எண்டு சொல்ல ஏலாது, பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில அந்தக் காரணம்தான் முதல்ல ஞாபகம் வரும். கிறீம் பூசக் குறையும், விட்டா திரும்ப வரும், அப்பிடியே வைகாசி மட்டும் இழுபட்டிருக்கு.

கொழும்பு வந்தவ. வந்த கிழமையே ஒரு சொந்தக்காரர் சொல்லி ஈவினிங் பிரிம்ரோஸ் ஒயில் எண்ட 1000 மில்லிகிராம் கப்சியூல் வாங்கிப் போடத் தொடங்கினவ. ரெண்டு மூண்டு கிழமையில தோல் பளிச்செண்டு வந்திட்டுது. அதுக்குப் பிறகு அவ அந்தக் கப்சியூலை விடேல்ல, எங்கட கடையிலதான் வாங்கிறவ, 2022க்குப் பிறகு வெளிநாட்டுச் சப்ளிமென்ட் விலை எல்லாம் எகிறினது எல்லாருக்கும் தெரியும், அப்பிடியிருந்தும் பென்ஷன் காசில ஒதுக்கி வாங்கிறவ, கோயிலில காணுற ஆக்களுக்கெல்லாம் அதைச் சொல்லிறவ. "தம்பி, உதுதான் என்ர கையைக் காப்பாத்தினது" எண்டு என்னட்டயே சொன்னவ.

அடுத்த முறை மார்கழியில திரும்ப லண்டன் போறா. கப்சியூலும் பையில போகுது, ஒரு நாளும் தவறாமப் போடுறா. இந்த முறை ஒரு மாசம் எடுக்கேல்ல, வீட்டுக்கு வந்து ரெண்டு மூண்டு நாளிலயே கை சிவந்து, ரெண்டு கண் மடலும் வீங்கி, கன்னம், கழுத்து எல்லாம் வந்திட்டுது. வீட்டில முடிவெடுத்தது என்னெண்டா கப்சியூல் காணாது, ரெண்டாக்குவம் எண்டு. அதுக்குள்ள இருமலும் வந்து, ஜேர்மனியில இருக்கிற சகோதரி ஒரு மூலிகை இருமல் குளிசைப் பெட்டியை போஸ்ட்டில அனுப்பியிருக்கிறா. அந்தப் பெட்டியின்ட படத்தையும் கையின்ட படத்தையும் வட்ஸ்அப்பில எனக்கு அனுப்பி, "தம்பி இதையும் சேத்துப் போடலாமோ" எண்டு கேட்ட இடத்திலதான் எனக்கு இந்தக் கேஸ் தொடங்குது.

படத்தில என்ன தெரிஞ்சது

கையின்ட படத்தை வடிவாப் பெரிசாக்கிப் பாத்தன். சாதாரணக் கை எக்ஸிமா உள்ளங்கை, விரல் இடுக்கு எண்டு படந்து கிடக்கும். இது அப்பிடி இல்ல. பெருவிரலின்ட உள்பக்கம், சுட்டுவிரலின்ட பக்கவாடு, அதாவது ஒண்டைக் கிள்ளேக்க முட்டுற ரெண்டு இடம். முன்கையில இருந்தது கோடு. நேரான, மெல்லிய, ரெண்டு விரற்கடை நீளக் கோடு, அந்தக் கோட்டில வரிசையா நீர்க்கொப்புளம். உடம்புக்குள்ள இருந்து வாற வருத்தம் தோலில நேர்கோடு கீறுறது குறைவு. வெளிய இருந்து ஏதோ உரஞ்சிக்கொண்டு போயிருக்கு. கண் மடல் எண்டா, விரலால தொட்டதுதான் அங்க போயிருக்கும், கண் மடல் தோல் அவ்வளவு மெல்லிசு.

எங்கட ஆக்களுக்குக் கிள்ளுற விரலில வாற அலர்ஜி எண்டா எனக்கு முதல்ல உள்ளிதான் ஞாபகம் வரும். உள்ளி உரிக்கிறவைக்கு அதில இருக்கிற டைஅலைல் டைசல்பைட் எண்ட சாமானால விரல் நுனி வெடிக்கும். ஆனா அது கூடுதலா உள்ளியைப் பிடிக்கிற கையில வரும், கத்தி பிடிக்கிற கையில இல்ல. அன்ரி வலக்கைக்காரி, வருத்தமும் வலக்கையில. அதைவிட, உள்ளி கொழும்பிலயும் உரிக்கிறவதானே, இங்க ஏன் வரேல்ல? தேசிக்காய்ப் புளி பட்டு வெயில்ல நிண்டாலும் கோடு கோடா வரும், லண்டன் தை மாசத்தில அதுக்கு வெயில் எங்க. கஜுக் கோதுப் பால், சேங்கொட்டை, மாம்பால் இதுகளும் இப்பிடிச் செய்யும், அங்க அதுகள் இல்ல. சொறிச்சிரங்கு எண்டா வீட்டில மற்றவைக்கும் வந்திருக்கும்.

என்னை உலுப்பினது நேரக்கணக்குத்தான். முதல் தரம் ஒரு மாசத்துக்கு மேல எடுத்தது, ரெண்டாம் தரம் ரெண்டு மூண்டு நாள். தண்ணியும் சோப்பும் தோலை அரிக்கிறது எண்டா இப்பிடி நாள் சுருங்காது. நோயெதிர்ப்புச் செல்கள் முதல் தரம் ஒரு பொருளைச் சந்திச்சுப் பழக நேரம் எடுக்கும், பழகினாப் பிறகு திரும்பக் கண்டா ஒண்டு ரெண்டு நாளில பாயும். தொடுகை அலர்ஜியின்ட நடை அது. அந்த வீட்டில, குளிர்காலத்தில, அன்ரியின்ட வலக்கை கிள்ளுற ஏதோ ஒண்டு இருக்கு.

வீடியோ கோல் எடுத்தன். என்ன மருந்து எண்டு கேக்காம, "அன்ரி, காலமை எழும்பினதில இருந்து கை என்னென்ன தொடுது, ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ" எண்டு கேட்டன். பிள்ளையின்ட பால்போத்தல், தேத்தண்ணி, புட்டுக்கு மா குழைக்கிறது எண்டு சொல்லிக்கொண்டு வந்தவ, இடையில சாதாரணமா, "பிறகு யன்னல் கரையில நிக்கிற பூச்சாடியில பழுத்த இலை, வாடின பூவைக் கிள்ளிப் போடுவன், மகளுக்கு எங்க நேரம்" எண்டா.

மகள் ஒவ்வொரு குளிர்காலமும் சுப்பர்மார்க்கெட்டில ஒரு பூச்சாடி வாங்கி குசினி யன்னலில வைக்கிறவவாம், கோடை வர அது செத்துப்போகும், எறிஞ்சிடுவா. போனை அதுக்குக் கிட்டக் கொண்டு போகச் சொன்னன். வட்டமான, அடியில இதய வடிவா உள்வாங்கின இலை. இளம் ஊதாப் பூ, அஞ்சு இதழ், ஒவ்வொரு இதழும் நுனியில வெட்டுப்பட்டமாதிரி. பூவுக்குக் கீழ இருக்கிற பச்சைக் கிண்ணம் நல்லா அகண்டு, தலைகீழாப் பிடிச்ச கூம்பு மாதிரி. யன்னல் வெளிச்சம் பின்னால விழுறமாதிரி இலைக்காம்பைப் பிடிக்கச் சொல்லி, தொடாதேங்கோ, ஒரு தாளால பிடியுங்கோ எண்டும் சொன்னன். காம்பு முழுக்க மெல்லிய மயிர், வெளிச்சத்தில ஒவ்வொண்டின்ட நுனியிலயும் ஒரு பொட்டு மினுங்குது. ப்ரிமுலா ஒப்கோனிக்கா. உண்மையான பிரிம்ரோஸ் குடும்பம், சீனாவில இருந்து 1880 அளவில இங்கிலாந்துக்குப் போன செடி. போய்ப் பத்து வருஷம் ஆகிறதுக்குள்ளயே இது தோலில பொங்க வைக்குது எண்டு எழுதத் தொடங்கிட்டினம்.

அந்த மினுங்கிற பொட்டு

சுரப்பி மயிர் எண்டு தாவரவியல்ல சொல்லுவினம். இலை, காம்பு, புல்லி வட்டம் எல்லாத்திலயும் இருக்கும், விரல் பட்டா நுனி உடையும், உள்ள இருக்கிறது விரலில ஒட்டும். உள்ள இருக்கிறது பிரிமின். சூரிச்சில புரூனோ ப்ளொக் எண்ட தோல் டொக்டரும் போல் கரர் எண்ட கெமிஸ்டும் சேந்து 1927ல அதைப் பிரிச்செடுத்தவை. கரர் பிறகு 1937ல வேற வேலைக்கு நோபல் பரிசு எடுத்தவர். அந்தப் பொருளின்ட சரியான அமைப்பு தெரிய 1967 மட்டும் போச்சு, அதை ஜேர்மனியில ஷில்ட்க்னெக்ட் குழு கண்டுபிடிச்சது. 2-மெதொக்ஸி-6-பென்டைல்-1,4-பென்சோகுயினோன். பேரைப் பாத்துப் பயப்பிட வேண்டாம், முக்கியமான சொல் குயினோன். குயினோன் வளையம் தோலின்ட புரதத்தில போய் இறுக்கிப் பிடிக்கும், பிடிச்ச புரதத்தை உடம்பு அந்நியன் எண்டு பாக்கும், மற்றது எல்லாம் நோயெதிர்ப்பின்ட வேலை. அதால பிரிமினுக்கு நெருப்பு மாதிரி உடன சுடுற குணம் இல்ல, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பொங்கும், ஆக்கள் செடியைச் சந்தேகப்படாததுக்கும் அதுதான் காரணம். இண்டைக்குக் கிள்ளி நாளையிண்டைக்குக் கடிச்சா ஆர் பூச்சாடியை நினைப்பினம்.

ப்ளொக் ஆக்கள் 1920களிலயே செறிவான செடிச் சாறைப் பூசி, அதுக்கு முதல் அலர்ஜி இல்லாத ஆக்களில அலர்ஜியை உண்டாக்கியும் காட்டினவை. அந்தக் காலத்துப் பரிசோதனை அது, இப்ப எந்த ஒழுக்கக் குழுவும் விடாது. ஆனா அதில இருந்து வாற விஷயம் முக்கியம்: இது பரம்பரையா எக்ஸிமா உள்ளவைக்கு மட்டும் வாற வருத்தம் இல்ல, போதிய அளவு பட்டா ஆருக்கும் வரலாம். அன்ரிக்கு முந்தி ஒரு அலர்ஜியும் இல்லாததை வைச்சு இதைத் தள்ள ஏலாது எண்டு மகளுக்கு விளக்கினது இதை வைச்சுத்தான்.

வீடியோ கோல்ல இன்னொண்டும் பாத்தன், நோய்க்கு அது தேவையில்ல, ஆனா ப்ரிமுலா ஒண்டு கைக்கெட்டின தூரத்தில நிண்டா அதைப் பாக்காம விட ஏலாது. பூவின்ட வாயை நேரக் காட்டச் சொன்னன். நடுவில ஒரு பச்சை மொட்டை ஊசித்தலை மாதிரித் தெரிஞ்சது, அது சூல்முடி, தண்டு நீளம். சில செடியில அது கீழ ஒளிச்சிருக்கும், வாயில மகரந்தப் பைகள்தான் தெரியும். ஒரு செடியில ஒரு வகைதான். ஒப்கோனிக்கா அங்க வர முதலே, டார்வின் 1862ல வேற ப்ரிமுலா வகைகளை வைச்சு இதைப் பற்றி எழுதினவர்: ஒரு வகையின்ட மகரந்தம் மற்ற வகைக்குப் போனாத்தான் விதை வடிவாப் பிடிக்கும், தன்னோட தான் கூடாமத் தடுக்கிறதுக்குப் பூ செய்து வைச்சிருக்கிற ஏற்பாடு. இங்கிலாந்து ஊர்த் தோட்டத்தில எத்தினை நூறு வருஷமா எத்தினை லட்சம் பேர் பாத்த பூ, ரெண்டு மாதிரி இருக்கு எண்டும் தெரியும், ஏன் எண்டு எண்ணிப் பாத்து விதை எண்ணினது அவர்தான். 2016ல ஜீன் மட்டத்திலயும் அவிழ்ந்தது: குட்டைத் தண்டு வகையில மட்டும் ஒரு சின்ன டிஎன்ஏத் துண்டு கூட இருக்கு, அதுக்குள்ள அஞ்சு ஜீன், அதில ஒண்டு ப்ரசினோஸ்டீரொயிட் எண்ட வளர்ச்சி ஹோர்மோனை உடைச்சு தண்டை நீள விடாமச் செய்யுது. நீளத் தண்டு வகையில அந்தத் துண்டே இல்ல.

திரும்ப அன்ரியிட்ட வருவம்.

உறுதிப்படுத்தினது

செடியைக் கையுறை போட்டு ஒரு பையில கட்டி வெளிய போடச் சொன்னன், யன்னல் கரை, கத்தரிக்கோல், தண்ணி விடுற கப் எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னன். அன்ரி திரும்ப அங்க டொக்டரிட்டப் போனவ. கைக்குக் கொஞ்சம் வலுவான ஸ்டீரொயிட் சில நாளுக்கு, கண் மடலுக்கு மெல்லிசானது. நான் ஒண்டும் மருந்து சொல்லேல்ல, அது கடல் தாண்டிப் படம் பாத்துச் சொல்லுற விஷயம் இல்ல. ஒரேயொரு விஷயத்தை மட்டும் மகளிட்ட அழுத்திச் சொன்னன்: செடியின்ட படத்தைக் கொண்டு போங்கோ, தோல் டொக்டரிட்ட பச் டெஸ்ட் (சந்தேகப்படுற பொருள்களைத் தோலில ஒட்டி அலர்ஜி இருக்கோ எண்டு பாக்கிறது) செய்யிறதெண்டா பிரிமின் போடச் சொல்லிக் கேளுங்கோ.

ஏன் அப்பிடிக் கேக்க வேணும் எண்டதில ஒரு கதை இருக்கு. ஐரோப்பாவில பச் டெஸ்ட் எண்டா எல்லாருக்கும் போடுற ஒரு அடிப்படை வரிசை இருக்கு, நிக்கல், வாசனைப் பொருள் கலவை, ரப்பர்ச் சாமான் எண்டு. 1980களில இருந்து பிரிமினும் அந்த வரிசையில இருந்தது, வஸ்லின்ல 0.01 வீதம். 1990களில இருந்து செடி வளக்கிறவை பிரிமின் இல்லாத ஒப்கோனிக்கா வகைகளைக் கொண்டு வந்தவை, "டச் மீ" எண்டே அதில ஒண்டுக்குப் பேர். கேஸ் குறைஞ்சு கொண்டு போக, 2019ல ஐரோப்பிய அடிப்படை வரிசையில இருந்து பிரிமினை எடுத்திட்டினம். நியாயமான முடிவுதான். ஆனா அதின்ட விளைவு என்னெண்டா, ஆராவது செடியைப் பற்றி வாய் திறந்து சொல்லாட்டி அந்த டெஸ்ட்டில அது இருக்காமலே போகலாம், டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், உங்களுக்கு அலர்ஜி இல்ல எண்டு அனுப்பிவிடுவினம். பழைய வகைச் செடி இன்னும் கடையில வருது, லேபிளில "பிரிமின் இல்லாதது" எண்டு இல்லாட்டி இருக்கு எண்டுதான் நினைக்க வேணும்.

முதுகில ஒட்டி, 48 மணித்தியாலத்தில கழட்டிப் பாத்து, நாலாம் நாள் திரும்பப் பாத்தவையாம். மற்ற எல்லா இடமும் வெறுமை, பிரிமின் ஒட்டின இடம் மட்டும் சிவந்து, தடிச்சு, மேல குட்டிக் கொப்புளம். நல்ல பலமான பொசிட்டிவ். செடி போனாப் பிறகு கையும் முகமும் ஆறினது, லண்டன் குளிருக்குள்ளயே, பாத்திரம் கழுவிக்கொண்டே. முதல் தரம் சொன்ன காரணம் தண்ணியும் குளிரும், அது ரெண்டும் அப்பிடியே இருக்கத்தக்கதா தோல் ஆறினது எனக்கு பச் டெஸ்ட்டை விடப் பெரிய சாட்சி.

இதை வாசிக்கிற ஆராவது வீட்டுச் செடி இலையை நசிச்சுக் கையில கட்டிப் பாக்க நினைச்சா தயவு செய்து வேண்டாம். அந்த ஒரு தரமே அலர்ஜி இல்லாத ஆளை அலர்ஜிக்காரர் ஆக்கலாம். அளந்து செய்த டெஸ்ட் மருந்தும் பச்சை இலையும் ஒண்டில்ல.

கப்சியூல் என்ன செய்தது

இதைக் கதைக்கேக்கதான் அன்ரிக்கு மனம் நொந்தது, விளங்குது, ஒரு வருஷமா நம்பின சாமான். முதல்ல அவவுக்குச் சொன்னது, கப்சியூலில இருக்கிற செடிக்கும் யன்னலில நிண்ட செடிக்கும் ஒரு உறவும் இல்ல, அதால கப்சியூல்தான் கடியைக் கூட்டினது எண்டு பயப்பிட வேண்டாம் எண்டு. ஈவினிங் பிரிம்ரோஸ் ஈனோதீரா எண்ட வட அமெரிக்கச் செடி. நாலு இதழ், மஞ்சள், பின்னேரம் இருட்டேக்க விரியும், பருந்து அந்துப்பூச்சி வரும். அதின்ட சொந்தக்காரர் எங்கட கொய்யா, ஜம்பு, மாதுளை, மருதாணி எல்லாம் உள்ள கூட்டம். இங்க வயல் வாய்க்கால், தியவன்னா ஓயாப் பக்கச் சதுப்பு நிலத்தில மஞ்சள் பூப் பூக்கிற நீர்க்கிராம்பு அதின்ட நேர்க் குடும்பம். உண்மையான ப்ரிமுலா தேயிலை, இலுப்பை, மகிழமரம் இருக்கிற கூட்டத்தில. கொய்யாவுக்கும் தேயிலைக்கும் என்ன உறவோ அந்த உறவுதான் இந்த ரெண்டு பிரிம்ரோஸுக்கும்.

ஈனோதீரா விதை எண்ணெயில சுமார் 70 வீதம் லினோலெயிக் அமிலம், 8 தொடக்கம் 10 வீதம் காமா லினோலெனிக் அமிலம், ஜிஎல்ஏ எண்டு சுருக்குவினம். 1919லயே இந்த எண்ணெயில அதைக் கண்டுபிடிச்சிட்டினம். கருத்து கேக்க வடிவான கருத்து: சாப்பாட்டு லினோலெயிக்கை உடம்பு ஒரு நொதியால ஜிஎல்ஏ ஆக்குது, அதில இருந்து அழற்சியைத் தணிக்கிற ப்ரொஸ்டக்ளான்டின் வருது, எக்ஸிமாக்காரருக்கு அந்த நொதி மந்தம், அப்ப ஜிஎல்ஏயை நேராக் குடுத்தா மந்தமான படியைத் தாண்டலாம். டேவிட் ஹொரோபின் எண்டவர் இதுக்காகவே வாழ்க்கை முழுக்க வாதாடினவர், பிரிட்டன்ல எக்ஸிமாவுக்கு எபோகம், மார்பு நோவுக்கு எபமாஸ்ட் எண்டு டொக்டர் எழுதிக் குடுக்கிற மருந்தாவே வந்தது. 2002ல பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ரெண்டின்ட லைசன்ஸையும் எடுத்திட்டுது, ஆபத்து எண்டு இல்ல, வேலை செய்யுது எண்டதுக்கு ஆதாரம் போதாது எண்டு. 2013ல, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடை போடுற கொக்ரேன் எண்ட அமைப்பு ஆக்கள் எக்ஸிமாவுக்கு வாயால குடுத்த ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவை, 27 ஆய்வு, 1596 பேர், அதில 19 இந்த எண்ணெய், மற்றது ஜிஎல்ஏ உள்ள இன்னொரு செடியான போரேஜின்ட எண்ணெய். டம்மிக் கப்சியூலை விட ஒண்டும் கூடேல்ல.

அப்ப அன்ரியின்ட கை ஏன் சுகம் வந்தது? பிளேன் ஏறினதால. செடி லண்டன்ல, கை கொழும்பில, ரெண்டு மூண்டு கிழமையில தோல் தானா ஆறும், அதே கிழமை தொடங்கின கப்சியூல் பேர் எடுத்திட்டுது. அவ வேற ஏதாவது போட்டிருந்தா அது பேர் எடுத்திருக்கும். இந்தக் கேஸில எனக்கு மிச்சம் பெரிசாத் தெரியிறது இந்த இடம்தான். எங்கட கவுன்ரருக்கு முன்னால ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மருந்துக்குப் பேர் கிடைக்குது, வருத்தம் எப்ப தொடங்கினது, எந்த ஊரில, எதை விட்டாப்பிறகு போச்சுது எண்டு கேக்காம, கடைசியாப் போட்டது எது எண்டு மட்டும் கேட்டா பதில் எப்பவும் கப்சியூல்தான். ரெண்டாம் லண்டன் பயணம் அந்த நம்பிக்கையை வடிவாச் சோதிச்சிருக்கு: கப்சியூல் உள்ள இருக்கத்தக்கதா வருத்தம் முந்தியை விடக் கூட வந்தது. அதைப் பாத்தும் வீட்டில அளவைக் கூட்டினவை எண்டா நம்பிக்கை எவ்வளவு உரம் எண்டு பாருங்கோ.

ஆபத்து பெரிசா இல்லாத எண்ணெய்தான், வயித்துக் குழப்பம், தலையிடி சிலருக்கு. ஆனா இரத்தம் உறையிறதைக் குறைக்கிற மருந்துகளோட, வோர்ஃபரின் போல, சேத்தா இரத்தப்போக்கு கூடலாம் எண்ட எச்சரிக்கை இருக்கு. அன்ரி ஆஸ்பிரின்காரி, அதில அளவு ரெண்டாகினது எனக்குப் பிடிக்கேல்ல. பல்லு பிடுங்க முதல், ஒபரேஷனுக்கு முதல் டொக்டருக்குச் சொல்ல வேண்டிய சாமான் இது, "அது மருந்தில்லத் தம்பி, விற்றமின் மாதிரி" எண்டு விட ஏலாது.

இருமல் குளிசையும் புறக்கோட்டைச் சரக்கும்

ஜேர்மன் பெட்டியில தைம் இலையும் ப்ரிமுலா வேரும் எண்டு இருந்தது. இது மூண்டாவது பிரிம்ரோஸ். ப்ரிமுலா வேரிஸ், ப்ரிமுலா எலாட்டியோர் எண்ட ஐரோப்பிய வகைகளின்ட வேர். அதில சப்போனின் நிறைய, பூந்திக்கொட்டையில நுரைக்கிற அதே வகைப் பொருள், அது இரைப்பைச் சவ்வைக் கொஞ்சம் உறுத்த, அந்த உறுத்தல் நரம்பு வழியாப் போய் சளியை இளக்கும் எண்டு விளக்கம் சொல்லுவினம். ஐரோப்பிய மருந்து முகமை இந்த வேரை சளி இருமலுக்குப் பாரம்பரியப் பாவனை எண்ட அளவில ஏத்துக்கொண்டிருக்கு, அதாவது கனகாலமாப் பாவிச்ச அனுபவம் இருக்கு, கடுமையான ஆய்வில நிரூபிச்சது எண்டு இல்ல. சாதாரண ஆளுக்குப் பிரச்சினையில்லாத சாமான். ஆனா ப்ரிமுலாவுக்கு அலர்ஜி உள்ளவை எடுக்கக்கூடாது எண்டு அதின்ட துண்டிலயே இருக்கும், பச் டெஸ்ட் முடிவு வர முதலே நான் அன்ரியை அதை ஒதுக்கி வைக்கச் சொன்னன், வேரிஸ் வேரில பிரிமின் ஒப்கோனிக்கா அளவு இல்லையெண்டாலும். இருமல் சுடுதண்ணியோடயும் தேனோடயும் போச்சு.

கொழும்பு திரும்பி வந்தவ என்னட்ட ஒரு நல்ல கேள்வி கேட்டவ. "அப்ப இங்க அந்தக் குடும்பத்தில ஒண்டும் இல்லையோ?" இருக்கு. 2009ல தாவரவியலாளர் குடும்பங்களைத் திருத்தி அடுக்கேக்க முந்தித் தனியா இருந்த மிர்சினேசியே எண்ட குடும்பத்தைப் ப்ரிமுலாக் குடும்பத்துக்குள்ள சேத்திட்டினம். அதால எம்பெலியா எண்ட இனத்துச் செடியின்ட காயான வாய்விடங்கமும் இப்ப பிரிம்ரோஸ் குடும்பம். புறக்கோட்டை கேபோஸ் லேனுக்குள்ள போய் நாட்டு மருந்துக்கடையில கேட்டா, மிளகு அளவில சிவந்த கபில நிற உருண்டையா அள்ளித் தருவினம், சிங்களத்தில வலங்கசால், பூச்சிக்குச் சித்தத்திலயும் ஆயுர்வேதத்திலயும் பேர்போன சரக்கு. அதின்ட முக்கியப் பொருள் எம்பெலின், செம்மஞ்சள் நிறம், அதுவும் ஒரு பென்சோகுயினோன், பிரிமினின்ட வளையமேதான், பக்கத்தில தொங்கிற சங்கிலி நீளமும் மற்ற ஒட்டுகளும்தான் வேற. 2004ல எம்பெலின் எக்ஸ்ஐஏபி எண்ட, செல்லைச் சாக விடாமக் காக்கிற புரதத்தைத் தடுக்குது எண்டு கண்டுபிடிச்ச நாளில இருந்து புற்றுநோய் ஆய்வுகூடங்களில அதுக்கு மவுசு. எலி, செல் மட்டத்து வேலைதான் கூட, அதைக் கேட்டு ஆரும் தூள் அடிச்சுக் குடிக்க வேண்டாம், மிருக ஆய்வில கருத்தரிப்பைக் குறைக்கிற குணமும் காட்டியிருக்கு, பிள்ளை எதிர்பாக்கிறவை தொடவே கூடாது. கடையிலயும் கவனம் வேணும், வாய்விடங்கம் எண்டு மேசா எண்ட வேற செடியின்ட காயும், வேற எம்பெலியா வகைக் காய்களும் கலந்து வாறது தெரிஞ்ச விஷயம்.

அதே வளையம் ஒரு செடியில இலை மயிரில இருந்து தோலைப் பொங்க வைக்குது, இன்னொரு செடியில காய்க்குள்ள இருந்து பூச்சியைக் கலைக்குது. செடிக்கு ரெண்டும் ஒரே தேவை எண்டுதான் நான் நினைக்கிறன், தன்னைத் தின்ன வாறதை விரட்டுறது. பிரேசிலில மிக்கோனியா எண்ட வேற குடும்பத்துச் செடியும் பிரிமின் செய்யுது, பூச்சி தின்னாமத் தடுக்கிற குணம் அதில காட்டியிருக்கினம்.

அன்ரிக்கு வாய்விடங்கம் ஒத்துவருமோ எண்டு கேட்டா, வேண்டாம் எண்டுதான் சொன்னன். ரெண்டுக்கும் கட்டாயம் குறுக்கு அலர்ஜி வரும் எண்டு இல்ல, ஆனா குயினோனுக்குத் தோல் விழிச்சுக்கொண்ட ஆள், பூச்சிக்கு வேற நல்ல குளிசை மலிவா இருக்கேக்க ஏன் போய்ச் சோதிக்க வேணும்.

இப்ப அவவின்ட மருந்துக் கொப்பியின்ட முதல் பக்கத்தில ஆஸ்பிரினுக்குக் கீழ "ப்ரிமுலா / பிரிமின் அலர்ஜி" எண்டு எழுதி வைச்சிருக்கிறன், ஈவினிங் பிரிம்ரோஸ் ஒயில் நிப்பாட்டின திகதியும் இருக்கு. நிப்பாட்டி மாசங்கள் போச்சு, கை பளிச்செண்டுதான் கிடக்கு. மகள் யன்னலில ஓர்க்கிட் வைச்சிருக்கிறாவாம். வாற மார்கழிக்கு அன்ரி திரும்பப் போறா, போக முதல் அங்க வேற வீடுகளுக்குப் போனா எந்தச் செடியைத் தொடக்கூடாது எண்டு காட்ட ஒப்கோனிக்காவின்ட ஒரு கலர்ப் படம் பிரின்ட் எடுத்து பாஸ்போட் உறைக்குள்ள வைச்சுக் குடுத்திருக்கிறன். கடையில தோல் கிறீம் கேட்டு வாற ஆக்களிட்ட, வெளிநாட்டில இருந்து வந்தவையோ, நுவரெலியாப் பக்கம் தோட்டம் செய்யிறவையோ, எந்தக் கையால எந்தச் செடியைக் கிள்ளினனீங்கள், எத்தினை நாளுக்கு முதல் எண்டு கேக்கிறதை நானும் கூட வேலை செய்யிற பிள்ளைகளும் இப்ப வழக்கமாக்கியிருக்கிறம். படம் இருந்தா படம், இல்லாட்டி இலையை ஒரு கடதாசி உறைக்குள்ள போட்டு, தொடாமக் கொண்டு வரச் சொல்லுறம்.